தங்கம் தேடிப் போன லண்டன் பணம்: தேவாலாவுக்கு ஒரு டிரிப்

செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போனீங்கன்னா, ரோட்டோரம் மனை விற்பனை போர்டுகளைப் பார்க்காம போக முடியாது. "இன்னைக்கு வாங்கிப் போடுங்க, அஞ்சு வருஷத்துல டபுள்"னு யாராவது உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. அந்த போர்டுகளை மனசுல வச்சுக்கிட்டு, இந்த எபிசோட்ல கடற்கரையை விட்டுட்டு மலைக்குப் போவோம்.

போற இடம் நீலகிரியோட வடமேற்கு மூலை: கூடலூர், தேவாலா, பந்தலூர். சென்னை சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ல ஊட்டி, அப்புறம் கூடலூர். ஊட்டியில இருந்து கூடலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில ஊசிமலை, தவளைமலைன்னு ரெண்டு காட்சிமுனைகள். ரெண்டுலயும் இறங்கிப் பாருங்க. சொந்த வண்டியில போறவங்க இ-பாஸ் எடுத்துக்கணும், 2024 மே மாசத்துல இருந்து அது கட்டாயம். ஜூன், ஜூலையில மழை கொட்டித் தீர்க்கும். அக்டோபருக்கு மேல போறது நல்லது.

கூடலூர் தாண்டினா ரெண்டு பக்கமும் தேயிலை. இந்தப் பச்சைக்கு அடியிலதான் நம்ம கதை.

இங்க ஆத்து மணலை அலசித் தங்கத்துகள் எடுக்கிறது பழங்குடி மக்களுக்கு ரொம்ப காலமாவே தெரிஞ்ச வேலை. 1870கள்ல இங்க இருந்த வெள்ளைக்காரங்களோட காபித் தோட்டங்கள் நோயாலயும் தண்டுதுளைப்பான் பூச்சியாலயும் நொடிஞ்சு கிடந்தன. அந்த நேரத்துல, ஆஸ்திரேலியாவில தங்கச் சுரங்க அனுபவம் உள்ள பிரோ ஸ்மித்ங்கிற நிபுணரை அரசாங்கம் வரவழைச்சது. 1880ல அவரோட அறிக்கை வந்தது. அவ்வளவுதான், லண்டன் பங்குச்சந்தையில தீப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இங்கிலாந்துல மட்டும் முப்பதுக்கும் மேல கம்பெனிகள். காகிதத்துல காட்டின மூலதனம் ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு!

அந்தப் பணம் எங்க போச்சு? நிறைய பங்கு நிலத்துக்கே போச்சு. நொடிஞ்ச காபித் தோட்டங்கள் தங்கச் சுரங்கம்ங்கிற பேர்ல கொள்ளை விலைக்குக் கைமாறின. பாறையை உடைச்சுப் பார்த்தா ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம்தான். கூலிக்கே கட்டுப்படியாகலை. சில வருஷத்துக்குள்ள கம்பெனிகள் ஒவ்வொண்ணா இழுத்து மூடப்பட்டன. தோட்டத்தை வித்தவங்க தப்பிச்சாங்க. பங்கு வாங்கினவங்க மாட்டிக்கிட்டாங்க.

அதே 1880ல ஜான் டெய்லர் கம்பெனி கோலார்ல இறங்குச்சு. அங்கயும் முதல்ல ஏமாற்றம்தான். ஆனா ஆழத்துல வளமான படிவு கிடைச்சதும் கோலார் தங்க வயலே உருவாச்சு. 2001 பிப்ரவரி வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு இடத்துலயும் ஆசை ஒண்ணுதான். பாறைக்குள்ள இருந்த சரக்குதான் வேற.

பந்தலூர் பக்கம் இன்னைக்குத் தேயிலை பறிக்கிறவங்கள்ல நிறைய பேர் இலங்கையில இருந்து திரும்பின மலையகத் தமிழ்க் குடும்பங்கள். அவங்களுக்காக 1968ல அரசு தொடங்கின தோட்டங்கள்தான் பிறகு டேன்டீ ஆச்சு. அங்க நின்னு ஒரு டீ குடிங்க, பேச்சுக் கொடுங்க. பெரிய கதைகள் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய சுரங்கக் குழிகளுக்குள்ள ரீல்ஸ் எடுக்க இறங்காதீங்க. வேற வருமானம் இல்லாதவங்க இன்னமும் திருட்டுத்தனமா அங்க தோண்டுறாங்க. மண் சரிஞ்சு உயிர் போயிருக்கு. யானை நடமாட்டமும் உண்டு.

அடுத்த தடவை யாராவது "இது தங்கமான இடம்"னு சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: இந்த இடம் எதுக்குப் பயன்படும், அதுல யாருக்கு எவ்வளவு கிடைக்கும்? தேவாலாவுல பங்கு வாங்கினவங்க கேட்காம விட்ட கேள்வி அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!