குழந்தையின் எடைக்கு யார் பொறுப்பு?



பிள்ளை பருத்துவிட்டால் பழி யார்மீது விழுகிறது? நம் ஊர்களில் விடை யோசிக்காமலே வரும்: "அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா." கல்யாண வீட்டிலும் இதையே சொல்கிறோம், மருத்துவரின் அறையிலும் இதையே கேட்கிறோம். இந்த விடையை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லவே இக்கருத்தரங்கின் தலைமை உரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

அந்தமானில் மரைன் ஹில்லிலிருந்து பார்த்தால் தெரியும் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குரிய தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, அதாவது சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றியே இருக்கிறது. சூரையும் நெத்திலியும் இங்கே கிடைக்கின்றன. தேங்காய்க்கும் வாழைக்கும் குறைவில்லை. ஆனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வரவேண்டும். பயணம் மூன்று நாள் பிடிக்கும். பருவமழைக் கடல் சீறினால் இன்னும் தாமதம். கீரை அதற்குள் வாடிவிடும், தக்காளி அழுகிவிடும். சிப்ஸ் பொட்டலத்துக்கும் குளிர்பானப் புட்டிக்கும் எதுவும் ஆவதில்லை. மாதக்கணக்கில் கெடாத பண்டம்தான் தீவுக் கடைக்காரருக்கு நட்டம் தராத பண்டம். பிள்ளையின் தட்டில் எது விழும் என்பதில் பாதி, தாய் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சரக்குக் கப்பலில் முடிவாகிவிடுகிறது.

நிக்கோபாரில் இதைவிடக் கடுமையான பாடம் இருக்கிறது. தாழையும் கிழங்கும் தேங்காயும் மீனும் பன்றியும் உண்டு வாழ்ந்த மக்களின் தோட்டங்களை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அழித்தது. தற்காலிக முகாம்களில் நிவாரண அரிசியும் பொட்டல உணவும் வந்தன. உயிர் காக்க வந்த உணவு அது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தோட்டத்தை மீட்டுத் தருவதும் நிவாரணத்தின் பகுதிதான். உணவுமுறை மாறிப்போன ஒரு சமூகத்தைப் பார்த்து "நீங்கள் ஏன் இப்படிச் சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்பது கொடுமை.

உடலுக்கும் ஒரு முன்கதை உண்டு. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1990களில் தொடங்கிய ஆய்வு, நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், தசை குறைந்த அளவுக்கு அவர்களின் தோலடிக் கொழுப்பு குறையவில்லை என்று காட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பசித்த உடல், மலிவான சர்க்கரையையும் எண்ணெயையும் இன்று சந்திக்கிறது. இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம், 2022இல் 1.25 கோடி. முப்பதாண்டில் தாய்மார்களின் குணமா மாறிவிட்டது?

பசியை நாம் இப்படிக் கையாளவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1956இல் காமராசர் மதிய உணவுக்கும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுக்கும் அரசைப் பொறுப்பாக்கினார்கள். பட்டினி கிடக்கும் பிள்ளையின் தாயைக் குற்றக் கூண்டில் நிறுத்தவில்லை. அந்தத் துணிவு பருமன் விஷயத்தில் எங்கே போயிற்று?

சட்டம் இல்லாமலில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி செய்தது. இந்தத் தீவுகளின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை, அந்த வாரியம் 2025 மே மாதத்தில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. நல்லது. அதே ஆண்டு செப்டம்பரில் குளிர்பானத்தின் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடானது, பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், நொறுக்குத் தீனி ஆகியவற்றின் வரி 5 விழுக்காடாக இறங்கியது. பலகையில் ஒன்று, விலையில் வேறொன்று. பத்து ரூபாய் வைத்திருக்கும் பிள்ளை எதைக் கேட்கும்?

இனி ஆய்வாளர்களான நம்மைப் பற்றி. கோக்க-கோலா நிறுவனத்தின் 15 லட்சம் டாலரோடு அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் ஓர் ஆய்வு அமைப்பை நடத்தினார்கள். உணவைவிட உடற்பயிற்சியில் கவனம் வையுங்கள் என்பது அதன் செய்தி. 2015 ஆகஸ்டில் அந்தப் பணத்தொடர்பு செய்தித்தாளில் வெளிவந்தது. கொலராடோ பல்கலைக்கழகம் அந்த அமைப்புக்கென நிறுவனத்திடம் பெற்ற 10 லட்சம் டாலரைத் திருப்பித் தந்தது. ஆண்டு முடிவதற்குள் அமைப்பே கலைந்தது. ஓடி ஆடுவது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் புட்டியிலுள்ள சர்க்கரையை மறைக்க ஆடுகளத்தைத் திரையாக்கியவர்கள் நம் துறையினர். பொறுப்புப் பட்டியலில் ஆய்வாளரும் இருக்கிறார்.

எவருக்கு மாற்றும் வலிமை அதிகமோ அவருக்கே பொறுப்பும் அதிகம் என்பது என் முடிவு. பண்டம் செய்பவர், வரி விதிப்பவர், கப்பலில் இடம் ஒதுக்குபவர், பள்ளி வாசலைக் காக்கவேண்டியவர் எல்லோரும் முன்னே நிற்கவேண்டும். தாய் கடைசியில்.

இரண்டு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். தீவுகளின் ஒவ்வொரு பள்ளியிலும் அந்த 50 மீட்டரை அளந்து, அதற்குள் என்ன விற்கிறது என்று எழுதுங்கள். உங்கள் ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இவ்வேண்டுகோள்களோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.