பெற்றவளிடம் யார் கேட்டோம்?

(அத்திப்பட்டு தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரத்த தானம் செய்வதில் நம் இளைஞர்கள் முன்னால் நிற்கிறார்கள். நள்ளிரவில் பிரசவ வலி என்று செய்தி வந்தால் வண்டி பிடித்து ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம் தான். ஆனால் குழந்தை பிறந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஆணா, பெண்ணா?" அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?" அதோடு கலைந்து விடுகிறோம். உன்னை எப்படிக் கவனித்தார்கள் என்று பெற்றவளிடம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நானும் கேட்டதில்லை. ஒரு சகோதரியின் விஷயத்தில் தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு அனுப்பும் போது "எல்லாம் திருப்தி தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளும் தலையாட்டி விட்டு வந்தாள். ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். கிளம்பும் முன் தையலை யாரும் பார்க்கவில்லை என்று அப்போது தான் சொன்னாள். பிறகு ஏன் திருப்தி என்றாய்? "புள்ள நல்லபடியா வந்துச்சு, அது போதும்னு சொல்லிட்டேன்" என்றாள்.

உயிரோடு திரும்பியதையே நம் பெண்கள் திருப்தி என்கிறார்கள். இது திருப்தியா? இல்லை. கேட்டால் ஏசுவார்களோ என்ற அச்சம். இதைப் பொறுமை என்று சொல்லி மூடி மறைக்காதீர்கள்!

அரசு ஆஸ்பத்திரிகளைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. ராயபுரத்தில் 1880ல் துவங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் வட சென்னையின் எத்தனையோ தலைமுறைகள் கண் விழித்துள்ளன. தனியாரிடம் கொட்டிக் கொடுக்கப் பணமில்லாத ஏழைக்கு அரசு ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் ஏது? அதனால் தான் அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்கிறோம்.

நம் உரிமை என்ன? 2011ல் மத்திய அரசு கொண்டு வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் அனைத்தும் இலவசம். சுகப் பிரசவத்துக்கு 3 நாள் வரை, சிசேரியனுக்கு 7 நாள் வரை உணவு இலவசம். வீடு திரும்ப வாகனமும் இலவசம். "புள்ளையைக் காட்ட இவ்வளவு கொடு" என்று யாராவது கை நீட்டினால் அது லஞ்சம்; அன்பளிப்பல்ல.

குறைந்தது 24 மணி நேரமாவது தாயை ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும். அதன் பின் 2, 3 நாட்களுக்குள், 7 முதல் 14 நாட்களுக்குள், ஆறாவது வாரத்தில் என மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் கூறியுள்ளது. காரணம் உண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப் போக்கு, தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

நம் வீட்டிலும் தவறு இருக்கிறது. நாற்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவளை உட்கார வைத்து விடுகிறோம். மார்க்கம் அந்த நாட்களில் தொழுகையிலிருந்து அவளுக்கு விலக்கு அளித்துள்ளது. டாக்டரிடம் போகாதே என்று எங்கே சொன்னது?

இனி "திருப்தியா?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். வீட்டுப் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிக் கேளுங்கள்: ரத்த அழுத்தம் பார்த்தார்களா? ரத்தப் போக்கைக் கவனித்தார்களா? தையலைப் பார்த்தார்களா, மறைப்பு வைத்துப் பார்த்தார்களா? பால் கொடுக்கக் கற்றுத் தந்தார்களா? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று சொன்னார்களா? பணம் கேட்டார்களா? ஏசினார்களா?

பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். குறை இருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். 104க்குப் போன் செய்யுங்கள். நல்லபடியாகக் கவனித்த நர்ஸம்மாவைப் பாராட்டியும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

அடுத்த முறை பிரசவ வார்டு வாசலில் நிற்கும் இளைஞனே! ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன், "தாய் எப்படி இருக்கிறாள்?" என்று கேள்!