வெயிலுக்கும் ஒரு பேரேடு உண்டு

(ஏப்ரல் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் இந்த மாதம் என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பிலிருந்து அமெரிக்கா போய்ப் படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர், வரும் ஜூன் மாதம் டென்னசி மாநிலத்தில் நடக்கும் போனரூ இசை விழாவுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள். திறந்தவெளி, கொளுத்தும் வெயில், கூடாரத்தில் தங்கல். இரண்டு வீட்டிலும் பெற்றோருக்குத் தூக்கம் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் நான் நாஷ்வில்லில் மகள் வீட்டில் இருந்தபோது, அவளோடு போய் அந்த நான்கு நாளும் இருந்துவிட்டு வந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். "சார், நீங்க சொன்னா கேப்பாங்க. போக வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்கள்.

நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. போகட்டும். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டு போகட்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் விழாவைப் பற்றி. போனரூ 2002-இல் தொடங்கியது. நாஷ்வில் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் மான்செஸ்டர் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 700 ஏக்கர் பண்ணை நிலத்தில் நடக்கிறது. கூட்டம் 80,000 வரை போனதுண்டு. பல மேடைகள். மதியம் ஆரம்பித்தால் சில கச்சேரிகள் விடியற்காலை வரை போகும். நம் மார்கழி சீசன் மாதிரிதான். சபாவுக்குச் சபா ஆட்டோவில் போவதற்குப் பதில் மேடைக்கு மேடை வெயிலில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் நம்மில் பலர் கேட்பது ஒன்றுதான். "நாம பாக்காத வெயிலா சார்?"

பார்த்திருக்கிறோம். ஆனால் எப்படிப் பார்த்திருக்கிறோம் என்று யோசியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறோம். மோரோ நீராகாரமோ குடிக்கிறோம். மதியம் மின்விசிறிக்குக் கீழே ஒரு தூக்கம். சாயங்காலம் மறுபடி ஒரு குளியல். வயலில் வேலை செய்பவர்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடப் பார்ப்பார்கள். நாம் வெயிலை ஜெயித்தவர்கள் அல்ல. வெயிலுக்கு ஒதுங்கத் தெரிந்தவர்கள். திறந்தவெளி விழாவில் அந்த ஒதுங்கல் எதுவுமே தானாக நடக்காது. உச்சி வெயிலில் ஆட்டம், மதியத் தூக்கம் இல்லை, இரவுத் தூக்கமும் அரைகுறை.

இன்னொன்று. வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்தப் பழக்கம் சில வாரங்களில் போயும் விடும். இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு, ஏசி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் திருச்சியில் பிறந்தது எந்த விதத்திலும் துணைக்கு வராது. டென்னசியில் ஜூன் மாதம் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். நம் கணக்கில் 32 டிகிரிக்கு மேல். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், சென்னை மாதிரி. வியர்வை உடம்பிலிருந்து வழிந்தால் மட்டும் போதாது. அது ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாவது கடினம்.

இனி என் தொழில் பாஷையில் சொல்கிறேன். நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கையால் எழுதும் பேரேடு. நாள் முடிவில் இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உடம்பும் அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெயிலும் ஆட்டமும் ஏற்றும் சூடு ஒரு பக்கம். வியர்வை, நிழல், தண்ணீர், ஓய்வு இறக்கும் சூடு மறுபக்கம். இந்தக் கணக்கு டேலி ஆகும் நேரம் இரவு. சூடு தணிந்து, தண்ணீர் குடித்து, ஆறேழு மணி நேரம் தூங்கி எழுந்தால், மறுநாள் புதுப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும். முதல் நாளின் நீரிழப்பும் களைப்பும் தூக்கக் குறைவும் இரண்டாம் நாளுக்கு ஆரம்ப இருப்பு. இரண்டும் சேர்ந்து மூன்றாம் நாளுக்கு.

ஆகவே நான் பயப்படச் சொல்வது முதல் நாளுக்கு அல்ல. அன்று எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மூன்றாம் நாளுக்குப் பயப்பட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகள் சொல்வது: "ரெண்டு நாள் சமாளிச்சாச்சு, இனிமே என்ன?"

நான் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும். மது கிடையாது, வேறு பழக்கமும் கிடையாது. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். இரவு மூன்றரைக்கு வந்து படுப்பான். அங்கே ஜூனில் ஐந்தரைக்கு விடிந்துவிடும். நைலான் கூடாரம் வெயில் பட்டதும் இட்லிப் பானை ஆகிவிடும். ஏழு மணிக்கு மேல் உள்ளே யாராலும் இருக்க முடியாது. இப்படி இரண்டு இரவு. மூன்றாம் நாள் மதியம் என் மகள் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். மறுபடி கேட்டால் நாக்குக் குழறியது. தொட்டுப் பார்த்தால் அனல். அவள் மருத்துவ உதவிக்கு ஓடினாள். நாங்கள் அவனை நிழலுக்கு இழுத்து, பெட்டியில் இருந்த பனிக்கட்டித் தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றி, அட்டையால் விசிறினோம். மருத்துவக் குழு விரைவாகவே வந்து கூட்டிப் போனது. மறுநாள் நண்பர்களோடு திரும்பி வந்து கூடாரத்தைப் பிரித்தான். தண்ணீரில் அவன் குறை வைக்கவில்லை. அவன் கணக்கில் விட்டுப்போனது இரவு.

இது பிள்ளைகள் பக்கத்துக் கணக்கு. விழா நடத்துபவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. டிக்கெட் வாங்குமுன் அதைப் பார்க்க வேண்டும்.

உட்ஸ்டாக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்தது. அந்த விழாவின் முதல் நாளில் தொடக்க உரை ஆற்றியவர் சுவாமி சச்சிதானந்தா, நம் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அன்றிரவு மழைக்கு நடுவே ரவிசங்கர் சிதார் வாசித்தார். அதே பெயரில் முப்பது வருடம் கழித்து, 1999 ஜூலையில், அதே மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் ஒரு விழா நடத்தினார்கள். இந்த முறை இடம் பண்ணை அல்ல, மூடப்பட்ட விமானப்படைத் தளம். கீழே தாரும் கான்கிரீட்டும். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அந்தத் தரை இரவில் திருப்பிக் கொடுக்கும். வெப்பம் 38 டிகிரியை ஒட்டி இருந்தது. இரண்டு பெரிய மேடைகளுக்கு இடையே ஒரு மைலுக்கு மேல் நடை. ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு ஆறு பாட்டில் என்றால் 24 டாலர். மூன்று நாளைக்கு 72. டிக்கெட்டே சுமார் 150 டாலர்தான். கையில் எண்ணிப் பணம் கொண்டுவந்த மாணவன் என்ன செய்வான்? தாகத்தைத் தள்ளிப்போடுவான். இலவசக் குழாய்களில் நீண்ட வரிசை. இரண்டாம் நாள் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஓர் இளைஞர் உடல் வெப்பம் மிகுந்து பிறகு மருத்துவமனையில் இறந்தார். கடைசி இரவில் தீ வைப்பு, கொள்ளை. வெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் காய்ந்த கூட்டம் அது.

2023 நவம்பரில் பிரேசில் நாட்டு ரியோ நகரில், கடும் வெப்பத்தில் நடந்த ஒரு பெரிய இசை நிகழ்ச்சியில் 23 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். மறுநாளே அந்த நாட்டு அரசு, இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ரசிகர்கள் தண்ணீர் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அது சித்திரை கூட இல்லை, சில மணி நேர நிகழ்ச்சிதான்.

எனவே எந்த ஊர் விழாவாக இருந்தாலும், யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். இலவசத் தண்ணீர் எங்கே? நிழல் எங்கே? மருத்துவக் கூடாரம் எங்கே? போனரூவில் காலி பாட்டிலை நிரப்பிக்கொள்ள இலவசக் குழாய்கள் உண்டு. காளான் வடிவத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. சின்னவர் பெரியவர் எல்லாரும் அதில் நனைவார்கள். நானும் நனைந்தேன், சட்டையோடு.

இனி, போகிற பிள்ளைகளுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள்.

கூடாரத்துக்கு மேலே தனியாக ஒரு துணிப் பந்தல் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே காற்று போக வேண்டும். காலைத் தூக்கம் அதனால்தான் கிடைக்கும்.

மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிழலில் இருங்கள், முடிந்தால் தூங்குங்கள். அந்த நேரத்தில் நல்ல குழு பாடுமே என்றால், எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டிசம்பர் சீசனில் எந்த ரசிகரும் எல்லாக் கச்சேரியும் கேட்பதில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பேனாவால் டிக் அடிக்கிறோம் இல்லையா, அதே வேலைதான்.

தண்ணீரை மடமடவென்று ஒரேயடியாகக் குடிக்காமல், மணிக்கு ஒன்றிரண்டு டம்ளர் என்று விட்டுவிட்டுக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். உப்புள்ள உணவும் சாப்பிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் கொண்டுபோங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு; இரண்டும் தலைதட்டி அளக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் போகுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் உடம்பு வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். மது நீரிழப்பைக் கூட்டும். போதை மாத்திரையோடு வெயிலும் ஆட்டமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் பெற்றோர் முன்னால் சொல்வது சங்கடம்தான். சொல்லாமல் இருப்பது அதைவிடச் சங்கடம்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய் உடம்பைக் குளிரவையுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பப் பக்கவாதம். உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். அங்கே 911, இங்கே 108. உதவி வரும்வரை காத்திருக்காமல் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. தினமும் போன் செய்வீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள், "சாப்பிட்டேன்" என்று பதில் வரும். அதில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் மூன்று கேள்வி கேளுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய், என்ன நிறம்? இன்றைக்கு எந்தக் கச்சேரியை விடப் போகிறாய்? சிரிக்காதீர்கள், இரண்டாவது கேள்விதான் முக்கியம். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. மூன்றாம் நாள் காலை இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை என்றால், அன்று முழுக்க ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். "கிளம்பி வந்துடு" என்று மட்டும் மிரட்டாதீர்கள். மிரட்டினால் மறுநாளிலிருந்து எல்லாப் பதிலும் "நல்லா இருக்கேன்" ஆகிவிடும்.

அந்த நான்கு நாளில் எனக்குப் பெயர் தெரியாத பாட்டு எத்தனையோ கேட்டேன். பாதி புரியவில்லை. ஆனால் நள்ளிரவில் காற்று குளிர்ந்து, ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் பாடியபோது, இதற்காகத்தான் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று புரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு மறுக்க நமக்குக் காரணம் இல்லை. நான்காம் நாளும் நிமிர்ந்து நின்று பாடிவிட்டு வரட்டும்.

கேள்வி இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள்.