ஆசியக் கிண்ணத்தில் மலேசியா: ஒரே ஒரு வெற்றி



ஆட்டங்கள் 12. வெற்றி 1. சமநிலை 4. தோல்வி 7. போட்ட கோல்கள் 10, வாங்கிய கோல்கள் 28. ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் இறுதிச் சுற்றில் 1976 முதல் 2024 வரை மலேசியக் குழு ஆடிய ஆட்டங்களின் மொத்தக் கணக்கு இதுதான்.

‘அந்தக் காலத்தில் ஆசியாவே நம்மைக் கண்டு நடுங்கியது’ என்று காப்பிக் கடைகளில் மூத்தவர்கள் சொல்வதுண்டு. இளையவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. இதில் யார் பக்கம் உண்மை இருக்கிறது?

1976-இல் ஈரானில் நடந்த போட்டியில் 6 நாடுகள் மட்டுமே ஆடின. மலேசியா அவற்றுள் ஒன்று. குவைத்திடம் 0-2 என்று தோற்றது, சீனாவுடன் 1-1 என்று சமநிலை கண்டது. 1980-இல் குவைத்தில் 10 நாடுகள் களமிறங்கின. தென் கொரியாவுடன் 1-1, கத்தாருடன் 1-1 எனச் சமநிலை. கிண்ணத்தை வென்ற குவைத்திடம் 1-3 எனத் தோல்வி. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளை 2-0 என்று வீழ்த்தியது. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் மலேசியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

அந்த இரண்டு போட்டிகளிலும் ஜப்பான் இல்லை. ஜப்பான் முதன்முதலில் இறுதிச் சுற்றுக்கு வந்ததே 1988-இல்தான். ஆகவே மூத்தவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை அன்று.

அதே 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் மலேசியா தகுதி பெற்றது. கோல் கம்பங்களுக்கு இடையே நின்றவர் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகம். அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. உழைத்துப் பெற்ற வாய்ப்பு கையில் இருந்தும் அந்த வீரர்களால் போக முடியவில்லை.

அதற்குப் பின் 27 ஆண்டு இடைவெளி. 2007-இல் இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகியவற்றுடன் சேர்ந்து மலேசியா போட்டியை நடத்தியது. ஏற்று நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைத்தது. புக்கிட் ஜாலில் அரங்கில் சீனா 5-1, உஸ்பெகிஸ்தான் 5-0, ஈரான் 2-0 என்று வரிசையாக வென்றன. இந்திரா புத்ரா போட்ட ஒற்றைக் கோல்தான் மிச்சம். விருந்து வைத்தவரே பட்டினியாகப் படுத்த கதை அது.

2022 ஜூனில் அதே புக்கிட் ஜாலிலில் வங்காளதேசத்தை 4-1 என்று வென்று, 1980-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் சொந்த ஆட்டத்தால் மலேசியா தகுதி பெற்றது. 2024 ஜனவரியில் கத்தாரில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் 0-1 எனத் தோற்று வெளியேறுவது உறுதியான பிறகு, கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவுடன் 3-3. பைசால் ஹாலிம், அரிப் ஐமான் ஆகியோரின் கோல்களுக்குப் பின், கூடுதல் நேரத்தின் 15-ஆவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் சமன் செய்தார். நாடே துள்ளிக் குதித்தது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் குழுவின் கடைசி இடத்தில் இருந்து கொண்டு கொண்டாடிய மகிழ்ச்சி அது என்பதையும் மறக்கக் கூடாது.

மொராலெஸ் கொலம்பியாவில் பிறந்தவர். மலேசிய லீக்கில் பல ஆண்டுகள் ஆடி, முறையாகக் குடியுரிமை பெற்றவர். அது நேர்வழி. அதற்குப் பின் நடந்ததுதான் கவலைக்குரியது. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது அரங்கம் அதிர்ந்தது. செப்டம்பரில் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் ஃபிஃபா, ‘மரபுவழி’ வீரர்கள் 7 பேரின் தாத்தா பாட்டி பிறப்பு ஆவணங்கள் போலி என்று அறிவித்தது. 7 பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நடந்தது தொழில்நுட்பப் பிழை என்று சங்கம் விளக்கம் சொன்னது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

மரபு என்றால் என்ன, நேயர்களே? ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன், மொக்தார் டஹாரி ஆகிய எல்லாரும் ஒரே சட்டையில் ஆடிய காலம் ஒன்று இருந்தது. அதைவிடப் பெரிய மரபு இந்த நாட்டுக் காற்பந்துக்கு வேறு எது?

ஜப்பானைப் பாருங்கள். 1988-இல் அறிமுகம், 1992-இல் முதல் கிண்ணம், 1993-இல் தொழில்முறை ஜே லீக், பிறகு 2000, 2004, 2011-இல் மேலும் மூன்று கிண்ணங்கள். ஒரு வெற்றி கிடைத்ததும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த தலைமுறைக்கு வேலை தொடங்கினார்கள். மலேசியாவிலும் 2014-இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பகாங் மாநிலம் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரிலேயே பயிற்சிக் கழகம் இருக்கிறது. விதை போட்டாயிற்று. தண்ணீர் ஊற்றும் பொறுமைதான் வேண்டும்.

தோட்டப்புறத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்த பிள்ளைகள் ஒரு காலத்தில் மாநிலக் குழு வரை போனார்கள். பல தோட்டங்கள் போயின, திடல்களும் போயின. ஆனால் பள்ளித் திடல் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர், அதே நாள் மாலையில் திடலுக்கும் அனுப்பலாம். அங்கே வளரும் வீரனின் பிறப்புப் பத்திரத்தை எந்த நாடும் சந்தேகிக்காது.