ரெண்டு கேள்வி, ஒரு மனுஷர்: வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன்



"ஜெனீவால, செர்ன் ஆய்வுக்கூடத்து வாசல்லயே நடராஜர் சிலை இருக்கு. அப்போ இயற்பியல் நம்ம ஆன்மிகத்தை ஒத்துக்கிச்சுன்னுதானே அர்த்தம்?" இப்படி ஒரு ஃபார்வர்ட் உங்க குடும்ப குரூப்லயும் வந்திருக்கும். செர்ன் வளாகத்துல சிலை இருக்கிறது உண்மைதான். ஆனா அது 2004-ல இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. எந்த ஆய்வோட முடிவும் கிடையாது.

அறிவியலையும் ஆன்மிகத்தையும் இப்படி அவசரமா ஒட்டவைக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டையும் ஒரே வாழ்க்கையில வச்சிருந்த ஒருத்தரைப் பாத்துட்டு வரலாம்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். 1898-ல வத்திராயிருப்புல பிறந்தவர். இன்னிக்கு அது விருதுநகர் மாவட்டம். ஊருக்குப் பக்கத்துலயே, சித்தர்கள் வாழ்ந்ததா ஜனங்க நம்புற சதுரகிரி மலை. தெற்கே ஆண்டாளோட ஸ்ரீவில்லிபுத்தூர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா சிவகாசி. தமிழ், சமஸ்கிருதம், இந்தியத் தத்துவம்னு எல்லாத்துலயும் கிருஷ்ணனுக்கு நல்ல வாசிப்பு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில வேலை பாத்தப்போ, மதிய இடைவேளையில மாணவர்களோட உக்காந்து பேசுவார். இயற்பியல், வேதியியல், கணக்குன்னு எதை வேணும்னாலும் கேக்கலாம். வேற கல்லூரிப் பசங்களும் அதுக்கு வருவாங்க.

1920-ல அவர் சி.வி. ராமன்கிட்ட படிக்க கல்கத்தா போறார். 1922-ல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் தீப்பெட்டித் தொழில் கத்துக்க அதே கல்கத்தாவுக்குப் போறாங்க. கரிசல் மண்ணுல இருந்து கிளம்பினவங்க, ஒரே நகரத்துல, ஒரு பக்கம் நெருப்பையும் இன்னொரு பக்கம் ஒளியையும் படிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

1928-ல ராமனும் கிருஷ்ணனும் கண்டுபிடிச்சதை எளிமையா சொல்றேன். ஒரு திரவத்துக்குள்ள ஒரே நிற ஒளியை விட்டா, சிதறி வர்றதுல பெரும்பகுதி அதே நிறத்துல வரும். ரொம்பச் சின்னதா ஒரு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறோட அதிர்வுதான் அதுக்குக் காரணம்.

நிறம் மாறினதைப் பாத்த உடனே அவங்க கொண்டாடல. திரவத்துல அழுக்கு ஏதாவது இருக்குமோ? ஏற்கெனவே தெரிஞ்ச ஒளிர்தலா இருக்குமோ? அந்தச் சந்தேகம் போகணும்னு திரவங்களைச் சுத்தம் பண்ணிப் பாத்தாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, சுமார் 60 திரவங்கள். அந்த மார்ச் மாசம் 'நேச்சர்' இதழ்ல வந்த குறிப்புல ரெண்டு பேர் பேரும் இருக்கு. 1930-ல நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைச்சது. கிருஷ்ணன் அதுக்குள்ள டாக்காவுக்குப் போய், படிகங்களோட காந்தத் தன்மையை ஆராய ஆரம்பிச்சிருந்தார்.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். தத்துவம் படிச்ச அந்த மனுஷர், தன் கண்டுபிடிப்புக்குச் சாட்சியா திரவத்தைத்தான் கூப்பிட்டார், சுலோகத்தை இல்ல. அதே சமயம், ஆய்வுக்கூடத்துல அளக்க முடியலைங்கிறதுக்காக தத்துவத்தைத் தூக்கி எறியவும் இல்ல. பெரிய விஞ்ஞானிங்கிறதை விட, முழுமையான மனிதர்ங்கிறதுதான் கிருஷ்ணனோட சிறப்புன்னு நேரு சொன்னார்.

சரி, இதையெல்லாம் ஏன் சிவகாசியை வச்சுப் பேசணும்? ஏன்னா, அங்க இந்த ரெண்டையும் குழப்பினா உயிர் போகும்.

தீபாவளி ராத்திரி வானத்துல தெரியுற சிவப்பு ஸ்ட்ரான்சியத்தோடது. பச்சை பேரியத்தோடது. சூடானதும் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு நிறத்தைக் காட்டும். அந்த மருந்துல உராய்வு பட்டா என்ன ஆகும்ங்கிறதும் அதே அறிவியல்தான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில நடந்த விபத்துல 30 பேருக்கு மேல செத்துப் போனாங்க.

இந்த மாதிரி நேரத்துல "விதி"ங்கிற வார்த்தை வரும். பறிகொடுத்த வீட்டுல ஒரு அம்மா அதைச் சொன்னா, அது அவங்க பிடிச்சு நிக்கிற ஊன்றுகோல். அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்ல. "எம் புள்ள ஏன் போனான்?"ங்கிற அவங்க கேள்விக்கு எந்தச் சமன்பாடும் பதில் சொல்லாது.

ஆனா அதே வார்த்தையை ஆலை முதலாளியோ, ஆய்வுக்கு வந்த அதிகாரியோ சொன்னா? அது தப்பிக்கிற வழி. அவங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வி "எப்படி வெடிச்சது?" அறையில எத்தனை பேர் இருந்தாங்க? அனுமதிச்ச அளவுக்கு மேல மருந்து குவிஞ்சிருந்ததா? தரையில ரப்பர் விரிப்பு இருந்ததா? இதுக்கெல்லாம் பதில் உண்டு. பதில் கிடைச்சா அடுத்த விபத்தைத் தடுக்கவும் முடியும்.

காலையில சாமி கும்பிட்டுட்டு வேலைக்குப் போற அக்கா, விளக்கையும் விட வேண்டியதில்ல, விதிமுறையையும் விட வேண்டியதில்ல. விளக்கு ஏத்தியாச்சேன்னு ரப்பர் விரிப்பை யாரும் மறந்துடக் கூடாது, அவ்வளவுதான்.

1947-ல டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தோட முதல் இயக்குநரா ஆனார் கிருஷ்ணன். 1961-ல காலமானார். அடுத்த தடவை "குவாண்டம் அன்னிக்கே சொன்னது"ன்னு ஒரு ஃபார்வர்ட் வந்தா, இது எந்தக் கேள்விக்கான பதில்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அனுப்பின மாமாகிட்டயும் பொறுமையா கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.