தவிலும் மின்தாளப் பலகையும்

(குறிஞ்சிப்பாடியில் கூடிய நம் சங்க அன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



தவில் பாடம் முடியுமுன் பையனுக்கு ஆக்டோபேட் வாங்கிக் கொடுக்கலாமா என்னும் கேள்வி, நம் இசை வேளாளர் குடும்பங்களில் இந்நாள் பலமாய் எழுந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் அதற்குள்ள கிராக்கியை நாம் அறிவோமாதலின், கேட்பவரைக் கடிந்து பயனில்லை.

அக்கருவியை 1985ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ரோலண்ட் கம்பெனியார் வெளியிட்டனர். அதில் எட்டு ரப்பர்ச் சதுரங்கள் உண்டு. கோலால் தட்டிய அடி மின்குறியாக மாறி, முன்னரே பதிந்து வைத்த ஒலியை எழுப்பும். முதற்பலகைக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்பி வழியே வேறொரு யந்திரத்தை ஏவியே ஒலிக்க வேண்டும். பின்வந்தவற்றில் ஒலிகள் உள்ளேயே அடங்கின.

தவிலின் இயல்பு வேறு. பலாக்கட்டையைக் குடைந்து தோல் போர்த்திய அவ்வாத்தியத்தில், வலக்கை விரற்கூடுகளும் இடக்கைக் கோலும் அணுவளவு நகர்ந்தாலும் சொல் மாறும். நாதஸ்வரக்காரர் எதிர்பாராத சங்கதியொன்றைப் பிடித்தால் அக்கணமே மறுமொழி பிறக்கும். பலகையில் பதிந்த தவிலொலியோ, பலத்தில் ஏறி இறங்குமேயன்றி அதே சொல்லையே சொல்லும்.

அதுபற்றி அதனைத் தள்ளிவிடல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. 1959இல் சென்னையில் பிறந்து, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற டிரம்ஸ் சிவமணி, தோல் வாத்தியங்களுக்கு நடுவே மின்பலகையையும் வைத்து வாசிக்கிறார். பெட்டியும் வாளியுங்கூட அவரிடம் தாளம் பேசுகின்றன! தந்தையும் டிரம்ஸ் வித்துவானாதலின், இளமையிலேயே கை பழுத்தது. பலகை பிறகு வந்து சேர்ந்தது.

நாம் அஞ்சவேண்டிய யந்திரம் வேறொன்றுளது. பல கோயில்களில் தீபாராதனை வேளையில், மோட்டாரால் சுழலும் முரசும் மணியும் தாமே முழங்குகின்றன. அங்கே கைக்கே வேலையில்லை. மின்பலகைக்கேனும் ஓர் ஆள் வேண்டும். ஆயினும், “பலகை வருகிறதே, இரண்டாந் தவில் எதற்கு?” என்று ஒப்பந்தம் பேசுவோரும் உளர். அதற்கு நம்மவர் இசையலாகாது. பலகைக்குத் தனிச் சம்பளம் கேளுங்கள். தவிற்காரர் தொகையிற் குறைக்க விடாதீர்கள்.

மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் கடலூர் ஜில்லாவைத் தாக்கியபோது, பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் பலகை ஊமை. தவிலுக்கு அக்குறை யாதுமில்லை.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறும் விடை இது. பையன் முதலில் சுவாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு நின்று வாசிக்கட்டும். குரு சரியென்றால் அடுத்த தையில் பலகை வாங்கலாம்.