ஒன்று குறைய முப்பது

அந்தமான் தீவுகளின் தலைநகரம் 2024ஆம் ஆண்டு வரையில் போர்ட் பிளேர் என்றே வழங்கி வந்தது. இப்பொழுது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் சிப்பிகாட். தென்னையும் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பட்டையும் விளையும் அரசாங்கப் பண்ணையினால் அது பலருக்கும் அறிமுகமானது. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எங்களுள் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு வேலை. மாற்றல் உத்தரவு வந்தபோது, அம்பாசமுத்திரத்து வீட்டில் ஆச்சியை விட்டுவிட்டு, ஐந்து வயது மகளுடன் நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தோம்.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு நாள் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்றிருந்தால் குழந்தை குழம்பிப் போகாதா? ஆகவே வீட்டு மொழியைச் சற்றே ஒதுக்கி வைத்தால் என்ன? நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்த நாள் தொட்டு, வீட்டில் இந்தியும் ஆங்கிலமுமே பேசுவது என்று முடிவு செய்தோம். நாள் முழுவதும் மொழிகளிடையே பாலம் கட்டிப் பிழைக்கும் நாங்கள், எங்கள் வீட்டில் இருந்த பாலத்தை எங்கள் கையாலேயே தகர்க்கிறோம் என்பதை அப்பொழுது உணரவில்லை.

அந்தமானில் பல மொழியினர் கலந்து வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி வங்காளிகள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல். தமிழர் நூற்றுக்கு 15 பேர். தெலுங்கர் 13 பேர். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு இந்தி பொதுமொழியாக நிற்கிறது. நம்மவர்களும் பல வழிகளில் இங்கே வந்து சேர்ந்தவர்கள். கூலி வேலைக்கும் வாணிகத்துக்கும் வந்தவர்கள் உண்டு. 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்களும் உண்டு. தீவுகளில் தமிழ் வழிப் பள்ளிகளும் நடைபெறுகின்றன. எனினும் எங்கள் மகள் சேர்ந்தது இந்தி வழி நடக்கும் ஒரு தொடக்கப்பள்ளி.

பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் கழிந்தது. வகுப்பாசிரியை எங்களை அழைத்து அனுப்பினார். அவர் வங்காளப் பெண்மணி. தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும், "உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்பார். பகலுணவு வேளையில் தட்டில் விழும் சோற்றைக் காட்டிக் கேட்டால் ஒரு குழந்தை 'பாத்' என்னும், ஒன்று 'அன்னம்' என்னும், மற்றொன்று 'சாவல்' என்னும். அத்தனையையும் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் ஒரு முறை சொல்லச் செய்வார். எங்கள் மகளின் முறை வந்தபோது அவள் வாய் திறக்கவில்லையாம். பலமுறை கேட்ட பின்பு, "எங்கள் வீட்டில் தமிழ் பேசக் கூடாது" என்று சொன்னாளாம்.

ஆசிரியை இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. குழந்தை இந்தியில் பின்தங்கியிருப்பது தமிழ் அறிந்ததனால் அன்று. தமிழிலும் பேச்சு நின்று போனதனால்தான் என்று அவர் கருதினார். ஒரு நாள் வகுப்பில் வந்து அமருங்கள், பிறகு பேசலாம் என்றார். மறு வாரம் நாங்கள் இருவரும் பின்வரிசைப் பாயில் அமர்ந்தோம்.

அன்று முதற் பாடம் எண்கள். ஆசிரியை எண்ணைச் சொல்லக் குழந்தைகள் சிலேட்டில் எழுத வேண்டும். "உன்தீஸ்" என்றார். அது இந்தியில் 29. எங்கள் மகள் 39 என்று எழுதினாள். நாங்கள் தலை குனிந்தோம். ஆசிரியையோ முகம் மலர்ந்து, இதுதான் நல்ல தவறு என்றார். ஏனெனில் அவள் எதையும் கேளாமல் எழுதவில்லை. 'தீஸ்' என்றால் முப்பது. அந்த ஒலி காதில் விழுந்தது. ஆகவே முப்பதிலிருந்து தொடங்கினாள். தமிழில் முப்பத்தொன்பது என்னும்போது முப்பது முன்னே நிற்கிறதன்றோ? அந்தக் கணக்கைத்தான் அவள் இந்திக்கும் பொருத்திப் பார்த்தாள்.

பிறகு ஆசிரியை தென்னங்கீற்றின் ஈர்க்குகளை எடுத்தார். பத்துப் பத்தாகக் கட்டி வைத்த கட்டுகள் மூன்றை மகளின் முன் வைத்து, "இது தீஸ்" என்றார். ஒரு கட்டை அவிழ்த்து அதிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொண்டார். "இது உன்தீஸ்" என்றார். இந்தியில் 19, 29, 39, 49 என்று வரும் எண்களின் பெயர்கள் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் அமைந்தவை. 89ம் 99ம் மட்டுமே இம்முறைக்கு விலக்கு. மகள் சற்று நேரம் ஈர்க்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "ஒன்று குறைய முப்பது" என்றாள்.

அந்தத் தொடரை நாங்கள் அவளுக்குக் கற்பித்ததில்லை. வெற்றிலைக் கட்டையும் முருங்கைக் காயையும் எண்ணும்போது ஆச்சி அப்படிச் சொல்வது வழக்கம். மூன்று மாத மௌனத்துக்கு அடியில் அது புதையாமல் கிடந்திருக்கிறது. ஆசிரியை அதன் பொருளைக் கேட்டறிந்து, வகுப்பு முழுவதையும் ஒரு முறை தமிழில் சொல்லச் செய்தார். நமது தமிழிலும் இவ்வழக்குக்கு உறவான சொற்கள் உள்ளன. தொண்ணூறு என்ற சொல்லில் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லில் ஆயிரமும் அடங்கி நிற்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த பாடம் எழுத்துகள். நமது 'க' ஒன்று நிற்கும் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள் உண்டு. உணவைக் குறிக்கும் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கானா' என்றே வரும். அவற்றின் வேறுபாட்டை ஆசிரியை விளக்கிச் சொல்லவில்லை. வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடிக்கச் சொன்னார். உணவைச் சொல்லும்போது மூச்சு வெளிப்பட்டுக் காகிதம் ஆடும். பாட்டைச் சொல்லும்போது ஆடாது. தமிழ்க் குழந்தையும் தெலுங்குக் குழந்தையும் காகிதம் ஆடக் கண்டு சிரித்தன. கண்ணால் காணும் வேறுபாட்டைக் காது விரைவில் பழகிக்கொள்கிறது.

பிற்பகலில் ஆசிரியை குழந்தைகளை வரிசையாகச் சாலையோரம் அழைத்துச் சென்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த பூகம்பத்தில் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னும் கடல்நீர் முழுவதும் திரும்பிச் செல்லவில்லை. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் பல நீர்நிலைகளாயின. இன்று அங்கே நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. குழந்தைகள் பறவைகளைப் பத்துப் பத்தாக எண்ணின. முன்பு இங்கே என்ன இருந்தது என்பதை வீட்டில் முதியோரைக் கேட்டு வர வேண்டும் என்பது அன்றைய வீட்டுப்பாடம். அந்தக் கேள்வியை வீட்டு மொழியில் அல்லாமல் வேறு எந்த மொழியில் ஒரு குழந்தை தன் பாட்டனாரிடம் கேட்கும்?

அன்று மாலை நாங்கள் வீடு திரும்பியபோது எங்களிடையே வாதம் எழவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது தமிழ் தானாகவே திரும்பி வந்தது.

இது ஒரு குடும்பத்தின் அனுபவம் மட்டுமன்று. தாய்மொழியே கல்வியின் தொடக்கத்துக்கு ஏற்ற கருவி என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. நமது அரசியலமைப்பில் 1956ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற 350அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிக் கற்பிக்கும் வசதியைச் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்ற வரையில் தாய்மொழியே பயிற்று மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் தலைநகரில் தமிழைப் பாடமாகக் கற்பித்து வருவதை நேயர்கள் பலர் அறிவார்கள்.

எனினும் நம்மில் மிகப் பலர் வாழும் ஊர்களில் தமிழ் வழிப் பள்ளி அருகில் இராது. அதனால் மனம் தளர வேண்டியதில்லை. பள்ளி எந்த மொழியில் நடந்தாலும் சரி, மாலையில் ஒரு நாழிகை குழந்தையின் பாடத்தைத் தமிழில் பேசச் செய்யலாம். இன்று என்ன எண்ணினாய், எதை வரைந்தாய், யார் பக்கத்தில் அமர்ந்தாய் என்று கேட்டால் போதும். புதிய எண்ணை முதலில் புளியங்கொட்டை கொண்டு தமிழில் எண்ணட்டும். பிறகு பள்ளி மொழியில் சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு முறை ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசட்டும். ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், எங்கள் வீட்டு மொழி தமிழ் என்பதை அவரிடம் கூச்சமின்றிச் சொல்லி வைப்பது நன்று. நல்ல ஆசிரியர் அதைத் தடையாகக் கருதமாட்டார். ஈர்க்குக் கட்டைப் போல எடுத்துப் பயன்படுத்திக்கொள்வார்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் முதலில் கற்கும் பாடம், ஒரு கரையில் கால் ஊன்றி நின்றால்தான் மறு கரைக்குக் கை நீட்ட முடியும் என்பது. அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அறிந்திருந்த இதை, வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க எங்களுக்கு ஒரு சிலேட்டுப் பிழை தேவைப்பட்டது.

இப்பொழுது மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். இந்தியும் தடையின்றிப் பேசுகிறாள். சென்ற ஞாயிறன்று ஆச்சி தொலைபேசியில், "உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கண்ணு?" என்று கேட்டார்கள். மகள் சிறிது யோசித்து, "ஒன்று குறைய முப்பது, ஆச்சி" என்றாள். மறுமுனையில் ஆச்சி சிரித்த சிரிப்பு எங்களுக்கும் கேட்டது.